ஒரு விரல் பட்டை

எங்கள் மேட்டுத் தெருவில் பதினோரு வீடு கான்கிரீட், ஒரு வீடு மரம். அந்த மர வீடு என்னுடையது. "லூச்சா, உன் தீப்பெட்டி எப்படி இருக்கு?" என்று முப்பது வருடமாகக் கேட்டே என்னைச் சாகடித்தார்கள். ஒவ்வொரு புயலுக்கும் என் தகரக் கூரை பறக்கும், நான் யார் வீட்டுக் கான்கிரீட்டுக்கு அடியிலாவது போய் ஒண்டுவேன், அவர்களும் காப்பி கொடுத்துக்கொண்டே புத்தி சொல்வார்கள். இந்த ஜனவரியில் பூமி ஆடியபோது பதினொன்றில் ஏழு வீடு முன்னங்கால் மடித்த மாடு மாதிரி உட்கார்ந்துவிட்டது. என் தீப்பெட்டியில் ஒரு கண்ணாடி டம்ளர் உடைந்ததோடு சரி. சந்தோஷப்பட்டாயா என்று கேட்டால், முதல் அரை மணி நேரம் பட்டேன், பொய் சொல்ல மாட்டேன்.

உட்கார்ந்த ஏழில் ஐந்தைக் கட்டியது கொத்தனார் எலாடியோ. மேட்டில் சமதளம் கிடையாது. அதனால் சரிவில் ஒல்லித் தூண்களை எழுப்பி, அதன்மேல் வீட்டை வைத்து, கீழே காரை நிறுத்துவது எங்கள் பக்கத்து வழக்கம். எலாடியோவின் சொந்த வீடும் அப்படித்தான். தூண்கள் மடங்கி வீடு அவருடைய பழைய வேனின்மேல் இறங்கியது. அவரும் அவர் மனைவி இஸ்மேனியாவும் ஜன்னல் வழியாக வெளியே வந்தார்கள். நகராட்சி ஆள் வந்து சுவரில் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனான். தெருக்கோடி சாகோவின் அம்மாவுக்கு இடுப்பு முறிந்தது. அந்த வீடும் எலாடியோ கட்டியதுதான். யாரும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாகோவே ஒரு பாத்திரம் துவரைச் சோறு கொண்டுவந்து கொடுத்தான். எலாடியோ அதைத் தொடவில்லை, இஸ்மேனியாதான் சாப்பிட்டாள்.

அவர்கள் மகள் யாடிராவுக்கு நான்தான் ஞானத்தாய். அதனால் இஸ்மேனியாவுக்கு நான் கொமாய், எனக்கு அவள் கொமாய், அவர் கொம்பாய். யாடிரா ஒர்லாண்டோவில் இருக்கிறாள். வா வா என்று கூப்பிட்டாள். விமானத்தில் ஏற மாட்டேன் என்றார் எலாடியோ. கொல்லையில் கெனேப்பா மரத்தடியில் நீலப் படுதாவைக் கட்டி இரண்டு கட்டில் போட்டார். மழை விட்டும் தூவானம் விடாத கதையாக பூமி வாரத்துக்கு இரண்டு தடவை முனகிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முனகலுக்கும் எல்லாரும் எழுந்து ஓடினார்கள். படுதாவுக்குள் இருந்தவர்கள் மட்டும் ஓட வேண்டியிருக்கவில்லை.

அந்த மரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜூலை வந்தால் குலைகுலையாகத் தொங்கும். பச்சைத் தோலைப் பல்லால் உடைத்து, உள்ளே வழுக்கும் சதையைச் சப்பிக் கொட்டையைத் துப்ப வேண்டும். சாறு சட்டையில் பட்டால் சட்டை கிழியும்வரை கறை இருக்கும். எங்கள் தீவின் தெற்குக் கரையில் கெனேப்பா இல்லாத கொல்லை இல்லை, ஆனால் அந்த மரத்தின் காய் மாதிரி இனிப்பும் சதைப்பற்றும் வேறெதிலும் இல்லை. கொட்டை போட்டால் முளைக்கும். முளைப்பது ஆணா பெண்ணா என்று தெரியப் பத்து வருடம் ஆகும். ஆண் மரமாகிப் போனால் பூ மட்டும்தான். அதனால் பதியம்தான் போடுவார்கள், பதியம் என்றால் எலாடியோதான். மேட்டிலுள்ள பாதி எலுமிச்சையும் கொய்யாவும் அவர் கைப் பதியம். அவர் போட்டு வேர்விடாத கிளையை நான் பார்த்ததில்லை.

மார்ச்சில் நகராட்சியிலிருந்து காகிதம் வந்தது. இடிந்த வீட்டை அகற்ற இயந்திரம் வரும், ஆட்கள் காலி செய்ததும் வரும். கொல்லை வழியாகத்தான் வர முடியும் என்பதால் மரமும் போகும். காகிதத்தை நான்தான் படித்துக் காட்டினேன். எலாடியோ மரத்தைப் பார்த்தார், இஸ்மேனியா அவரைப் பார்த்தாள்.

"மூணு பதியம் போடறேன்," என்றார். "மூணுல ஒண்ணு வேர் விட்டாலும் போதும். எடுத்துக்கிட்டுக் கெளம்பிடலாம்."

"எங்க கெளம்பறது?"

"நீ எங்க சொல்றியோ அங்க."

"கொமாய், நீ சாட்சி," என்றாள் அவள்.

"சாட்சிதான். கொம்பாய், கன்னி மாதா மேல சத்தியம் பண்ணுங்க."

பண்ணினார்.

வேருக்குத் தேய்பிறை, காய்க்கு வளர்பிறை என்பார்கள் எங்கள் ஊரில். தேய்பிறை வந்த திங்கட்கிழமை ஏணி போட்டு ஏறினார். கட்டை விரல் பருமனுள்ள மூன்று கிளைகள், மூன்றும் உயரத்தில். இரண்டு விரல் அகலத்துக்குச் சுற்றிலும் கீறிப் பட்டையை உரித்து, கத்தி முதுகால் அந்த வழவழப்பைச் சுரண்டி, ஈரத் தென்னை நாரும் பாசியும் வைத்துக் கறுப்புப் பிளாஸ்டிக்கால் சுற்றி இரண்டு முனையிலும் கட்டினார். நாங்கள் கீழே நின்று நாரும் கயிறும் எடுத்துக் கொடுத்தோம். அவர் முதுகைத்தான் பார்த்தோம்.

"பட்டையை எதுக்கு இப்படி மொத்தமா உரிக்கணும்?" என்று கேட்டாள் இஸ்மேனியா. இத்தனை வருடத்தில் அவள் அதைக் கேட்டதே இல்லை.

"இலை சமைக்கிற சாப்பாடு பட்டை வழியாத்தான் கீழ எறங்கும். வழிய அடைச்சா அந்த எடத்துல தேங்கும். தேங்கினா வேர் விடும். ஒரு நூல் பட்டை பாலம் மாதிரி ஒட்டிக்கிட்டு இருந்தாக்கூட எறங்கிடும். அப்புறம் அது எதுக்கு வேர் விடுது? சௌகரியமா அப்படியே இருக்கும்."

இதை அவரே சொன்னார்.

மறுநாள் அவர் சர்ச்சில் தண்ணீர் போத்தல் வாங்க வரிசையில் நின்றபோது, இஸ்மேனியா தாழ இருந்த ஒரு கிளையில் சமையல் கத்தியால் தானே ஒன்று போட்டாள். எதற்கு என்று கேட்டேன். "நாலு சுவர் இல்லாம உக்காந்திருக்கேன், கைக்காவது ஒரு வேலை வேணாமா?" என்றாள். கறுப்புப் பிளாஸ்டிக் தீர்ந்துபோயிருந்தது. கோலா போத்தலை நெடுக்கில் கிழித்து மாட்டி, உள்ளே நாரைத் திணித்து, வெயில் படாமல் இருக்க எலாடியோவின் பழைய காலுறையை மேலே போட்டாள்.

வந்து பார்த்தவர் முகம் கோணியது. "கிளை வீணாப் போச்சு, கிழவி. உனக்கு எதுக்கு இந்த வேலை?"

"உன் மூணு இருக்கில்ல. இது எனக்கு."

சாகோ அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், "மரத்துக்குச் செருப்பும் மாட்டிவிடுங்க" என்பான். கொல்லன் தெருவில் ஊசி விற்கிறாள் என்று நானும் சிரித்தேன்.

ஏப்ரல் போனது. மே மழை பிடித்துக்கொண்டது. படுதாவில் தண்ணீர் தேங்கித் தொந்தி போட்டது, துடைப்பக் கட்டையால் குத்தி வழியவிட வேண்டும். எலி மூன்று தடவை அரிசி மூட்டையைக் கிழித்தது. ஒற்றை அடுப்பில் கருவாடும் சேப்பங்கிழங்கும் வேக வைத்தால் துணிமணி எல்லாம் ஒரு வாரத்துக்கு அந்த வாசனைதான். இஸ்மேனியாவின் வலது முட்டி சுரைக்காய் மாதிரி வீங்கியது. கழிப்பறைக்கு என் வீட்டுக்குத்தான் வருவாள், சேற்றில் நாற்பது அடி. குடை பிடித்து, கம்பு ஊன்றி, பாதி வழியில் நின்று மூச்சு வாங்கி. என் வீட்டிலேயே தங்கு என்று எத்தனையோ தடவை சொன்னேன். தகரக் கூரைதானே, கொம்பாயும் வரட்டும் என்றேன். அவர் வரமாட்டார், அவரை விட்டு அவள் வரமாட்டாள். எனக்கு இரண்டு பேர்மேலும் எரிச்சலாக வந்தது.

மே கடைசியில் வீட்டுவசதி அலுவலகத்து மிஸ் அரோயோ புது வீட்டு ஒதுக்கீட்டுக் காகிதத்தோடு வந்தாள். பக்கத்து நகரம் போன்சேயில், நான்காவது மாடியில், இரண்டு அறை. குளியலறை உள்ளேயே. ஜூலை முப்பத்தொன்றுக்குள் குடியேறாவிட்டால் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். இஸ்மேனியா அந்தக் காகிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு உள்பாவாடையில் ஊசி குத்தி வைத்துக்கொண்டாள். ஈரத்தில் ஒரு நாள்கூட அதைக் கீழே வைத்ததில்லை.

"இன்னிக்கே போயிடலாமே," என்றேன் நான்.

"வேர் வரட்டும்," என்றார் எலாடியோ.

தினம் காலையில் ஏணியில் ஏறி மூன்று பைகளையும் அழுத்திப் பார்ப்பார். ஊசிக் குழாயால் தண்ணீர் ஏற்றுவார். இஸ்மேனியா காப்பியை வடிகட்டும் துணியைக் கையில் பிடித்தபடி கீழே நின்று கேட்பாள்.

"எப்படி இருக்கு?"

"இலை பச்சையா இருக்கு. உசுர் இருக்கு. இன்னும் கொஞ்சம் போகணும்."

"போன மாசமும் இதான் சொன்ன."

"கெனேப்பா எலுமிச்சை இல்ல, கிழவி. அதுக்கு அதோட நேரம்."

ஜூன் முடிந்தது. மேட்டில் மற்ற படுதாக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். ஜூலையில் காய் பழுத்தது, பறவைகள் வந்தன, இரவில் வௌவால்கள் கொட்டையைப் படுதாவின்மேல் போட்டன. ஒவ்வொரு கொட்டை விழும்போதும் இஸ்மேனியா திடுக்கிட்டு எழுவாள். "கொமாய், எனக்குப் புத்தி பேதலிச்சுடும் போல இருக்கு," என்றாள் ஒரு நாள், என் சமையலறையில் வாழைக்காய் நசுக்கிக்கொண்டே. "வேற பொம்பளைக்காக ஒருத்தன் கட்டிப்போட்டா திட்டலாம். மரத்துக்காகக் கட்டிப்போடறவனை எப்படித் திட்டறது?"

"வாயத் தொறந்துதான்."

"சத்தியம் பண்ணியிருக்காரே. நானும் சரின்னேனே."

இருபத்தேழாம் தேதி வானொலியில் புயல் செய்தி சொன்னார்கள். வெள்ளி அல்லது சனி கரைக்கு வரும். அன்று மதியம் நான் பழம் பறிக்கக் கூடையோடு போனேன். தாழக் கிளையில் இருந்த காலுறை நைந்து பிய்ந்து தொங்கியது. சும்மா இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. போத்தலுக்குள் இடமே இல்லை. வெள்ளை வெளேரென்று வேர், நூல் கண்டு மாதிரி சுற்றிச் சுற்றி, சில நுனி பழுப்பேறிக்கூடப் போயிருந்தது.

"கொமாய்!" என்று கத்தினேன். "வேர்டீ! உன்னுது வேர் விட்டிருக்கு!"

இஸ்மேனியா கம்பு கூட எடுக்காமல் வந்தாள். போத்தலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் பல் தெரியச் சிரித்து ஏழு மாதம் ஆகிறது. "இது வந்திருந்தா அவரோடது எப்பவோ வந்திருக்குமே! கிழவா! வெளிய வா, ஏணியக் கொண்டா!"

எலாடியோ படுதாவிலிருந்து வந்தார். போத்தலைப் பார்த்தார். சந்தோஷப்பட வேண்டிய மனுஷன் ஏணியைத் தேடுவதாக வேறு பக்கம் திரும்பினார்.

"காத்துப் படக்கூடாது. இப்பத் தொறந்தா—"

"கொமாய், நீ ஏறு," என்றாள் இஸ்மேனியா.

எனக்கு அறுபத்து மூன்று வயது. ஏறினேன். முதல் பையைக் கத்தியால் கிழித்தேன். நார் ஈரமாக, வைத்தபடியே இருந்தது. ஒரு வேர் இல்லை. நாரை உதிர்த்துக் கட்டை விரலால் துடைத்தேன். மேல் பக்கம் உரித்தது உரித்தபடி காய்ந்திருந்தது. கீழ்ப் பக்கம், தரையிலிருந்து பார்த்த எங்களுக்கு முதலில் அவர் முதுகும் பிறகு பையும் மறைத்திருந்த அந்த அடிப் பக்கம், ஒரு விரல் அகலத்துக்குப் பட்டை உரிக்காமல் விட்டிருந்தது. உரித்த இடத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, பாலம் மாதிரி.

"கண்ணு மங்கிடுச்சோ கொம்பாய்?" என்றேன். எனக்கே தெரியும், அவரைக் காப்பாற்றத்தான் கேட்டேன்.

"அடுத்ததைப் பாரு," என்றாள் இஸ்மேனியா.

அடுத்ததிலும் ஒரு விரல் பட்டை. மூன்றாவதிலும்.

"மூணுலயும் ஒரே எடத்துலயா கண்ணு மங்கும்?" அவள் சத்தம் போடவில்லை. "கிழவா. சொல்லு."

"வேணும்னுதான் விட்டேன்."

"நாலு மாசம்."

"ம்."

"தெனம் காலையில ஏறி ஊசி போட்டியே. யாருக்கு நடிச்ச? என் முட்டியப் பாத்துக்கிட்டே ஏறினியே. நான் நடுச்சேத்துல நின்னு மூச்சு வாங்கறதை அந்த ஏணி மேலேருந்து பாத்துக்கிட்டே ஊசி போட்டியே!"

அவர் புடைத்திருந்த மரத்து வேர் ஒன்றில் உட்கார்ந்தார். கைகளை முட்டிமேல் வைத்துக்கொண்டார். சிமெண்டு தின்ற கைகள், நகமெல்லாம் வெள்ளை.

"துணி விழுந்தா துணிதான் விழும்," என்றார். "அதுக்கு அடியில தூக்கம் வருது."

"அந்த வீடு நல்ல வீடுய்யா. மிஸ் அரோயோ படம் காட்டினா. அதுவா விழப்போகுது? அதை நீயா கட்டின?"

"நான் கட்டல. என்னை மாதிரி ஒருத்தன்தான் கட்டியிருப்பான்."

அவர் ஒரு குச்சியை எடுத்து மண்ணில் தூண் ஒன்று கீறினார்.

"தூணுக்குள்ள கம்பிய வளையம் போட்டுக் கட்டணும். நாலு அங்குலத்துக்கு ஒண்ணு. நான் பன்னெண்டு அங்குலத்துக்கு ஒண்ணு கட்டினேன். என் மேஸ்திரி அப்படித்தான் காட்டிக் கொடுத்தான், எல்லாரும் அப்படித்தான் கட்டினோம். காத்து அடிச்சா தாங்குமா, தாங்கும். அதான் எங்களுக்குத் தெரியும். பூசிட்டா உள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும். இப்ப எந்தத் தூணைப் பாத்தாலும் உள்ள இருக்கிறதுதான் தெரியுது."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"என்னன்னு சொல்றது? கொத்தனாருக்கு வீட்டைக் கண்டா பயம்னா? சாகோ தெனம் சோறு கொண்டாந்து வெக்கிறான். அவங்கம்மா இன்னும் எந்திரிக்கல."

எனக்கு அவரைப் பார்த்தால் பாவமாக இருந்தது, அவளைப் பார்த்தால் அவரை அறைய வேண்டும் போல இருந்தது. ஏணியில் நின்றபடி இரண்டும் முடியாமல் கத்தியை மடக்கினேன்.

இஸ்மேனியா ரம்பத்தை எடுத்து வந்து தன் போத்தலுக்குக் கீழே கிளையில் வைத்தாள். "ஒண்ணு வேர் விட்டா போறோம்னு நீதான் சொன்ன. எப்பக் கூப்பிட்டாலும் லாரிய எடுத்துட்டு வரேன்னு சாகோ சொல்லியிருக்கான். நாளைக்கு நான் ஏறப்போறேன். நீ ஏறறதும் ஏறாததும் உன் பாடு."

அறுக்க ஆரம்பித்தாள். பாதியில் கிளை தொய்ந்தது. எலாடியோ தன்னையறியாமல் எழுந்து வந்து கிளையைத் தாங்கினார்.

"மெல்ல. வேர் அறுந்துடும்."

"அதைப் பத்தி உனக்கென்ன?"

"பாதி இலையக் கிள்ளிடு. இல்லன்னா வாடிடும்."

பெயிண்ட் வாளியில் மண் போட்டு அவர்தான் நட்டார்.

மறுநாள் அவரும் லாரியில் ஏறினார். நானும் துணைக்குப் போனேன். போன்சே போய்ச் சேரும்வரை சாகோ மட்டும் எதிரே வந்த கார்க்காரர்களைத் திட்டிக்கொண்டு வந்தான். கட்டடம் புதுப் பெயிண்ட் அடித்துப் பளிச்சென்று இருந்தது. கீழ்த்தளம் முழுக்கத் தூண்கள், தூண்களுக்கு நடுவில் கார்கள். லாரியை விட்டு இறங்கியதுமே பார்த்தேன், எங்கள் மேட்டு வீடுகள் மாதிரியேதான் இருந்தது, உயரம்தான் அதிகம்.

எலாடியோ முதல் தூணிடம் போனார். விரல் முட்டியால் தட்டினார், காதை வைத்தார். இரண்டாவது தூண். மூன்றாவது. மிஸ் அரோயோ கையெழுத்து வாங்கும் அட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தாள்.

"பொறியாளர்கள் பாத்து சான்றிதழ் கொடுத்திருக்காங்க, எலாடியோ ஐயா."

"உள்ள பாத்தாங்களாம்மா?"

"உள்ளேன்னா?"

அவர் சாமானெல்லாம் மாடிப்படியின் முதல் திருப்பம்வரை தூக்கி வந்து வைத்தார், அங்கிருந்து சாகோ மேலே கொண்டுபோனான். கட்டில், அடுப்பு, மாதா படம், பெயிண்ட் வாளி. முதல் திருப்பத்துக்கு மேல் அவருடைய கால் போகவில்லை. காவலாளியின் கூண்டுக்குப் பக்கத்தில், திறந்த வெளியில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். "நீ மேல போ, கிழவி. நான் இங்க காத்தாட இருக்கேன்." நான் அன்றே சாகோவோடு ஊர் திரும்பினேன், அவர்களுக்கு இரண்டு நாள் அப்படியே கழிந்தது. இஸ்மேனியா வீங்கிய முட்டியோடு நான்கு மாடி இறங்கிச் சோறு கொடுத்துவிட்டு மறுபடி நான்கு மாடி ஏறினாள். சேற்றில் நாற்பது அடி நடந்ததே பரவாயில்லை என்றாள் தொலைபேசியில்.

வெள்ளிக்கிழமை மதியத்திலிருந்து காற்று. என் வீடு தாங்காது என்று இந்தத் தடவை என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். அதுவும் கான்கிரீட்தான், பயந்துகொண்டேதான் படுத்தேன். மாலை ஐந்து மணி வாக்கில் தொலைபேசி அடித்தது. காற்றின் இரைச்சலில் முதலில் ஒன்றும் கேட்கவில்லை.

"கொமாய்? கொம்பாய் எங்க?"

"படிக்கட்டுல. கூண்டோட தகரம் பறந்துடுச்சு, காவலாளி பூட்டிக்கிட்டுப் போயிட்டான். காத்து தள்ளத் தள்ள ஒவ்வொரு மாடியா ஏறி வந்திருக்காரு. இப்ப மூணுக்கும் நாலுக்கும் நடுவுல உக்காந்திருக்காரு. இன்னும் எட்டுப் படிதான் பாக்கி."

"கூப்பிடு உள்ள!"

"கூப்பிடாம இருப்பேனா? தலைய ஆட்டறாரு. கதவைச் சாத்திக்கோங்கறாரு. பக்கத்து வீட்டுக்காரங்களும் சாத்து சாத்துன்னு கத்தறாங்க, காத்து உள்ள பூந்தா ஜன்னல் பேத்துக்கும்னு. நான் நடையில உக்காந்து முதுகால கதவைத் தொறந்தபடி முட்டுக் கொடுத்துக்கிட்டு இருக்கேன். வீடு பூரா தண்ணி."

"சாத்திடு கொமாய். அவரு சுவருக்குள்ளதானே இருக்காரு, ஒண்ணும் ஆகாது."

"சாத்தினா அவரு மூஞ்சி தெரியாது."

"எவ்வளவு நேரம் இப்படி உக்காந்திருப்ப? ராத்திரி பூரா அடிக்கும்ங்கறாங்க. சீக்கிரம் நிக்கணும்னு மாதாகிட்ட வேண்டிக்கோ."

அவள் குரல் தணிந்தது, அவர் காதில் விழாமல் இருக்க வாயைப் பொத்திக்கொண்டு பேசுகிற மாதிரி.

"நிக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டு இருக்கேன். காத்து நின்னா அவரு கீழ எறங்கிடுவாரு, கொமாய்."